எழுத்துப் பெட்டி வாங்கலாமா? படிக்கத் திணறும் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தபின் எழுதுவது

பாதி படித்துவிட்டுப் போகிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் எழுத்துக்கு ஒன்றாக 247 அட்டை அடுக்கி வைத்திருக்கிற பெட்டியை வாங்காதீர்கள். க தனி, கால் தனி, கொம்பு தனி, புள்ளி தனி என்று பிரித்துக் கொடுத்திருக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதே சிரிக்கிற குழந்தை, அதே பலூன். திருப்பி, பின்பக்கம் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று போட்டிருப்பதைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

என் மகள் இரண்டாம் வகுப்பு. பேச்சில் ஒரு குறையும் கிடையாது, கேட்ட கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள், பாதியில் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து விடுவாள். புத்தகத்தைத் திறந்தால்தான் சிக்கல். ஒவ்வோர் எழுத்தாக மூச்சு வாங்கி, மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து கை நழுவிப் போயிருக்கும், அப்புறம் படத்தைப் பார்த்து ஒரு சொல்லை அடித்து விடுவாள். இப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன வாங்கித் தருவது என்று தேடுகிறவர்களுக்குத்தான் இது. நான் பயன்படுத்திப் பார்த்தவை ஒரு எழுத்துப் பெட்டி, பணம் கட்டிச் சேர்கிற ஒரு செயலி, அப்புறம் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கதைகள். பெட்டிக்கும் செயலிக்கும் பெயர் போடப் போவதில்லை, ஏனென்றால் இதே அச்சில் பல வருகின்றன, எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் முக்கியம்.

பெட்டி. உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, உயிர்மெய் 216, ஆக 247 என்று நாமெல்லாம் ஒப்பித்தவர்கள்தான். ஒப்பிக்க நல்ல கணக்கு. அதையே அட்டையாக வெட்டித் தரையில் பரப்பினால், திணறுகிற பிள்ளைக்கு அது 247 தனித்தனி உருவம். கா-வுக்கும் மா-வுக்கும் பொதுவாக ஒரு கால் இருக்கிறது என்பது அட்டையைப் பார்த்தால் தானாகத் தெரியாது, தெரிந்த பிள்ளைக்குத்தான் தெரியும். பிரித்துக் கொடுத்த பெட்டியில் அந்தக் கால் கையில் தனியாக வருகிறது. க-வுக்குப் பக்கத்தில் வைத்தால் கா, எடுத்து ம-வுக்குப் பக்கத்தில் வைத்தால் மா. அவ்வளவுதான் சங்கதி, ஆனால் இதை வாயால் எத்தனை முறை விளக்கினாலும் ஏறாதது கையால் நகர்த்தியபோது ஏறியது.

இன்னும் முக்கியமாக, கொம்பு. தமிழ் படிப்பதில் பெரியவர்களுக்கு மறந்தே போன ஒரு கஷ்டம் இதில் இருக்கிறது. கெ, கே, கை எழுதும்போது குறியை எழுத்துக்கு முன்னால் போடுகிறோம், ஒலிப்பதோ க்-கை முதலில் ஒலித்து அப்புறம்தான் எ-யை. கண் போகும் திசையும் வாய் போகும் திசையும் ஒன்றுக்கொன்று எதிர். கொ, கோ இன்னும் மோசம், குறி இரண்டாகப் பிளந்து எழுத்துக்கு இரு பக்கமும் நிற்கிறது. என் மகள் ‘கொடி’யை ‘காடி’ என்றே படித்துக்கொண்டிருந்தாள், கொம்பைத் தாண்டிக் குதித்து, கண்ணுக்குத் தெரிந்த கா-வைப் பிடித்துக்கொள்வாள். பெட்டியில் ‘கொ’ செய்யச் சொன்னபோது க-வை நடுவில் வைத்து, இடது கையால் கொம்பையும் வலது கையால் காலையும் ஒரே நேரத்தில் நகர்த்திக்கொண்டு வந்து ஒட்டவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“என்னம்மா இது, ரெண்டு பக்கமும் நிக்குது?”

“ரெண்டும் சேர்ந்து ஒரே சத்தம்டி. ஒண்ணை மட்டும் படிச்சா இன்னொண்ணு கோவிச்சுக்கும்.”

அன்றிலிருந்து ஒரு கொம்பைப் பார்த்ததும் எழுத்துக்கு அந்தப் பக்கம் கால் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறாள். நான் பார்த்த பெட்டியில் கொம்பும் காலும் ஒரே நீல நிறம், எழுத்துகள் கறுப்பு. வடிவமைத்தவர் யாரோ, பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்துச் செய்திருக்கிறார். மேலே வளையும் இகர ஈகாரக் குறிகளை மட்டும் தனித் துண்டாகச் செய்ய முடியாது என்பதால் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பட்டையில் அச்சடித்து, எழுத்தின்மேல் வைக்கும்படி கொடுத்திருந்தார்கள். டி, டீ மட்டும் தனியாக, ஏனென்றால் அவற்றின் வளைவு வேறு. கு, சு, து, மு என்று உகர ஊகார வரிசைக்கு எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அந்த 36-உம் ஆயத்தமாக வந்தன. இந்த வரிசைதான் கடைசி வரை இழுக்கும், எந்தப் பெட்டியும் இதைச் சுலபமாக்காது, பொறுமையாகப் பழகத்தான் வேண்டும்.

இனிக் குறைகள். ர என்ற எழுத்தையும் துணைக்காலையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள். ர-வின் அடியில் சாய்வாக ஒரு சின்னக் கால் வரவேண்டும், அது இல்லாவிட்டால் ‘மரம்’ என்று வைத்ததை ‘மாம்’ என்றுதான் பிள்ளை படிக்கும், அதில் அவள் தப்பு என்ன இருக்கிறது? பெட்டியில் மட்டுமில்லை, சில புத்தக எழுத்துருக்களிலும் இந்தத் தொல்லை உண்டு. வாங்கும்முன் இந்த ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அடுத்தது, துண்டுகளில் எது மேல் எது கீழ் என்று காட்டும் அடிக்கோடு கிடையாது. ப-வைத் தலைகீழாக வைத்துவிட்டு இது என்ன என்று கேட்டால் அது புதிய எழுத்து மாதிரிதான் நிற்கும். எல்லாத் துண்டின் அடியிலும் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன், பிரச்சினை போயிற்று. ஔகாரக் குறியையும் கவனியுங்கள், அதன் வலது பாதி அச்சில் பார்க்க ள மாதிரியே இருப்பதால் கௌ எது கெள எது என்று பெரியவர்களே தடுமாறுவார்கள். அந்தத் துண்டை எடுத்துப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன், ஏழு வயதில் ஔகாரம் இல்லாமல் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கூடவே ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தாளும் வந்தது. பக்கத்தின்மேல் வைத்துப் படித்தால் எழுத்து ஆடாமல் நிற்கும் என்று எழுதியிருந்தார்கள். படிப்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு வண்ணத் தாளோ வண்ணக் கண்ணாடியோ உதவும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு என்றாலே எழுத்து தலைகீழாகத் தெரிவது என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது, அதை வைத்துத்தான் இவையெல்லாம் விலை போகின்றன. பெரும்பாலும் சிக்கல் சொல்லின் ஒலிகளைப் பிரித்துப் பிடிப்பதில், கண்ணில் இல்லை. அந்தத் தாளை ஓவியம் ஒட்டக் கொடுத்துவிட்டேன், நன்றாகப் பயன்பட்டது.

பெட்டியோடு வந்த கையேட்டில் ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். அ, ஆ-வில் தொடங்காமல் ட, ப, ம-வில் தொடங்குகிறது. பெரும்பாலும் நேர்க்கோடுகள், எழுதச் சுலபம், முதல் உட்காருதலிலேயே ‘படம்’ என்று ஒரு முழுச் சொல் கிடைத்துவிடும். வரிசையாக உயிரெழுத்து முடித்து, மெய் முடித்து, அப்புறம் உயிர்மெய்க்கு வருகிறபோது பிள்ளைக்குப் படிப்பு என்றால் ஒப்பிப்பது என்றாகிவிடும். எங்கள் வீட்டிலும் பாட்டி “முதல்ல அரிச்சுவடி முழுசா வரட்டும்மா, அப்புறம் சொல்லு” என்றுதான் சொன்னார். ‘படம்’ வந்ததும் பேத்தி போட்ட கூச்சலில் அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் அதிகம் விளையாடுவது ஓர் எழுத்தை மட்டும் மாற்றுகிற ஆட்டம். படம் வைத்தாயிற்றா, ப-வை எடு, ம-வை வை, என்ன ஆயிற்று? மடம். தடம், வடம், இடம். புள்ளி வைத்த ட் ஒன்றைச் செருகு, பட்டம், மட்டம், வட்டம். இதில் பார்த்துச் சொல்லப் படம் எதுவும் கிடையாது, மாறிய எழுத்தைப் பார்த்தே ஆகவேண்டும். எழுத்தைப் பார்க்காமல் ஊகித்துத் தப்பிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. பத்து நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள், இன்னும் கொஞ்சம் என்று அவள் கெஞ்சும்போதே மூடிவிடுங்கள். க, ச, ட, த, ப இடத்துக்கு இடம் ஒலி மாறுவதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள், கல்லில் ஒரு க, நகத்தில் ஒரு க, தங்கத்தில் ஒரு க. விதி எதுவும் சொல்லத் தேவையில்லை. ‘நகம்’ என்பதைக் கல்லின் க மாதிரி அழுத்திப் படித்துவிட்டு ஒரு நொடி நிற்பாள், காதில் விழுந்தது சரியில்லை என்று தானே திருத்திக்கொள்வாள். பேசத் தெரிந்த மொழியைப் படிப்பதில் உள்ள சௌகரியம் அது.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யானை கை தட்டுகிறது, நட்சத்திரம் கொட்டுகிறது, மாட்டின் படத்துக்குக் கீழே நான்கு சொல் காட்டி எது என்று கேட்கிறது, தப்பானால் அடுத்ததைத் தொடலாம், நான்கையும் தொட்டால் எப்படியும் நட்சத்திரம் வந்துவிடும். என் மகள் இதை நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிட்டாள். வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கும் பகுதி ஒன்று உண்டு, ல ள ழ எப்படிச் சொன்னாலும் சரி என்கிறது, சரியாகச் சொன்ன சொல்லைத் தப்பென்று மூன்று முறை திருப்பி அனுப்புகிறது, பிள்ளை முகம் சுண்டிப்போகிறது. ஒரு நல்லது மட்டும் சொல்லலாம், அதே சொல்லைப் பத்தாவது தடவை தப்பாகப் படித்தாலும் செயலி பெருமூச்சு விடாது. நமக்கு அது வருவதில்லை. ஆனால் அதற்காக மாதா மாதம் பணம் கட்ட முடியாது, நிறுத்திவிட்டேன்.

ஸ்டோரிவீவர் வேறு ரகம். பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் புத்தகப் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய இணையக் கதைத் தொகுப்பு, தமிழ் உட்பட நிறைய மொழிகளில் படக்கதைகள், காசு கிடையாது. கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் நிலை 250 சொல்லுக்குள், திரும்பத் திரும்ப வரும் எளிய சொற்கள், இரண்டாம் நிலை 600 வரை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் உரிமம். பெயர் குறிப்பிட்டுவிட்டு அச்சடிக்கலாம், பிரதி எடுக்கலாம், மாற்றியும் அமைக்கலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். இது ஏன் முக்கியம் என்றால், நான் கதையை அச்செடுத்து, படத்தை ஒரு தாளிலும் அதன் வரியை முந்தின தாளிலும் பெரிய எழுத்தில் போட்டுக் கட்டினேன். முதலில் வரி, தாளைத் திருப்பினால் படம். ஊகிக்க வழியில்லை, படித்தது சரிதானா என்று பார்க்கப் படம் இருக்கிறது. கடையில் வாங்கும் பெரும்பாலான படக்கதைகளில் இதைச் செய்ய முடியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும், இது எந்தத் தளத்துக்கும் எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். வேறு மொழியிலிருந்து வந்த கதைக்கு ‘முதல் நிலை’ என்று போட்டிருந்தாலும் தமிழில் அது முதல் நிலையாக இருக்க வேண்டியதில்லை. நம் மொழியில் சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டே போகும். ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்பது கணக்குக்கு ஒரே சொல், திணறுகிற பிள்ளைக்கு ஒரு மலை. ஆகவே சொல் எண்ணிக்கையைப் பார்க்காமல், சொல்லின் நீளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ‘பூனை வந்தது. பால் எங்கே?’ என்கிற மாதிரி கதை கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் பேச்சுத் தமிழ் விவகாரம். ‘போய்விட்டாள்’ என்று அச்சில் இருக்கும், என் மகள் ‘போயிட்டா’ என்று படிப்பாள். இதைத் தப்பு என்று வெட்டாதீர்கள். அந்தச் சொல்லைப் படித்து, பொருள் புரிந்து, தன் வாய்க்கு மாற்றிச் சொல்லியிருக்கிறாள், அது சின்ன வேலையில்லை. ‘ளில் புள்ளி இருக்கு பார்’ என்று விரலால் ஒரு தடவை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். இதற்கு உண்மையான மருந்து, எழுத்துத் தமிழ் அவள் காதில் நிறைய விழுவதுதான். அவளால் படிக்க முடியாத பெரிய கதைகளை நாம் வாசித்துக் காட்டவேண்டும், தானே படிக்கட்டும் என்று அதை நிறுத்திவிடக் கூடாது. படித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்குவதும் மொழியைப் புரிந்துகொள்வதும் பெருக்கல் கணக்கு மாதிரி சேர்ந்தது என்று கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் எழுதியது இன்றைக்கும் நிற்கிறது. ஒன்று பூஜ்யமானால் பெருக்கினால் பூஜ்யம்தான். எழுத்துப் பயிற்சி மெதுவாக நடக்கிற காலத்தில் மற்றது காய்ந்து போகக் கூடாது.

கதையை எப்படிப் படிப்பது என்பதில் எங்களுக்குச் சரிப்பட்டது, சேர்ந்து படிப்பது. ராஜர் மோர்கன் என்பவர் 1970-களில் பெற்றோருக்காக வகுத்த முறை, கீத் டாப்பிங் என்ற ஆய்வாளர் அதை நிறையப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். இருவரும் ஒரே வேகத்தில் சத்தமாகப் படிப்போம், அவளுக்குத் தெம்பு வந்தால் மேசையில் தட்டுவாள், நான் வாயை மூடிக்கொள்வேன். தடுக்கினால் நான்கைந்து விநாடி காத்திருப்பேன், வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிடுவேன், அவள் திருப்பிச் சொல்வாள், மறுபடி இருவரும். ‘நேத்துதானே சொன்னேன்’ என்று ஆரம்பிப்பதற்கு இதில் இடமே இல்லை, அதுதான் இதன் அழகு. அதே கதையைத் திரும்பத் திரும்பப் படிக்க ஆசைப்பட்டால் விடுங்கள், மனப்பாடம் ஆகிவிடுமே என்று பயப்பட வேண்டாம், வேகம் அப்படித்தான் வரும். மனப்பாடமா என்று சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு சொல்லை எடுத்துப் பெட்டி எழுத்தில் வைத்துக் கேளுங்கள்.

வீட்டு அலமாரியில் பழைய சிறுவர் புத்தகங்கள் இருந்தால் அவற்றைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல், அதற்கு முந்தைய அச்சில் லை, னை, ளை எல்லாம் தும்பிக்கை வைத்துக்கொண்டு நிற்கும், ணா, றா, னா சுழித்துக்கொண்டு நிற்கும். நமக்கு அழகு, இப்போதுதான் ஐகாரக் கொம்பைப் பிடித்த பிள்ளைக்கு அது இன்னொரு குழி.

பெட்டி வாங்குமுன் செலவு செய்ய வேண்டிய இடம் ஒன்று உண்டு, கண்ணும் காதும். கண் பரிசோதனைக்கு எல்லாரும் போகிறோம், காதுக்குப் போவதில்லை. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்து நிற்கலாம், வலி இல்லாமலே இருக்கலாம், பேச்சும் கேட்கும், ஆனால் ன-வும் ம-வும் ஒரே மாதிரி விழலாம். அது சரியாகாமல் எந்த எழுத்துப் பெட்டியும் வேலை செய்யாது. பேச்சு தாமதமாக வந்த பிள்ளை, குடும்பத்தில் யாருக்காவது படிப்பதில் இதே சிரமம் இருந்தது, ‘தவளை’யில் த-வை எடுத்துவிட்டால் மீதி என்ன என்று கேட்டால் ஏழு வயதிலும் விழிக்கிறது, சில மாதம் ஒழுங்காக உதவியும் அசைவே இல்லை என்றால், கற்றல் குறைபாடு பார்க்கத் தெரிந்த ஒரு நிபுணரிடம் காட்டிவிடுங்கள். சோம்பேறி, கவனமில்லை என்று பெயர் வைத்துக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டாதீர்கள்.

மறுபக்கம், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் படபடவென்று படிக்கிறது என்று ஒப்பிடவும் வேண்டாம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, குழப்பம் எழுத்துக்கூட்டலில். நம் மாதிரி எழுத்துகளில் எழுத்துப் பட்டியலே நீளம். கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளைக் கற்று முடிப்பது நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது என்று வந்தது. இரண்டாம் வகுப்பில் ழ-வும் ள-வும் தடுமாறுவது ஊர் சிரிக்கிற விஷயமில்லை.

ஆக, பெட்டிக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், ர-வுக்காகவும் அந்த மஞ்சள் தாளுக்காகவும் ஒன்றரையைப் பிடித்துக்கொண்டு. செயலிக்கு ஒன்றரை. ஸ்டோரிவீவருக்கு நாலரை, அச்சு எடுக்க வசதி இருந்தால். ஏற்கெனவே சரளமாகப் படிக்கிற பிள்ளைக்குப் பெட்டி வீண், இரண்டே நாளில் மூலையில் கிடக்கும். பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார யாருமில்லை என்றாலும் வாங்காதீர்கள், தனியாக விட்டால் அது வீடு கட்டுகிற கட்டையாகத்தான் மாறும்.

துண்டுகளில் முதலில் தொலைவது துணைக்கால்தான், அடுத்தது புள்ளி. தொலைந்ததும் முழுப் பெட்டி இன்னொன்று வாங்க வேண்டியதில்லை, கெட்டி அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வெட்டிக்கொள்ளலாம். வெட்டுகிற வேளையில் ர-வையும் நாலைந்து புதிதாக எழுதிக்கொள்ளுங்கள், அடியில் அந்தச் சாய்வுக் காலை நன்றாக நீட்டி.